ஒரு மில்லிமீட்டர் வளையம்

லைக்கா எம் 11 கேமரா 2022-இல் வெளிவந்தது. உள்ளே 60 மெகாபிக்சல் சென்சார். அதன் முகப்பில், 1930களில் ஜெர்மனியின் வெட்ஸ்லார் ஊரில் கடைந்து செய்த ஓர் எல்மார் லென்ஸை மாட்டலாம். நடுவில் தேவைப்படுவது ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையம் மட்டும். ஏதோ ஒப்புக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைக்க வேண்டாம். ஃபோகஸ் பார்க்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் ஒழுங்காக அசையும், அதில் தெரியும் இரட்டை உருவம் ஒன்று சேரும், ஃபோகஸ் முடிவிலி வரைக்கும் போகும். மென்பொருள், மின் தொடர்பு எதற்கும் இந்த உறவில் இடமில்லை. பித்தளையும் கண்ணாடியும் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒத்துக்கொண்ட சில அளவுகள் இன்றும் செல்லுபடியாகின்றன, அவ்வளவுதான்.

எனக்கு இது அலுக்கவே அலுக்காத விஷயம். பழைய லென்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "அந்தக் காலத்து லுக்", "கனவு மாதிரி மங்கல்" என்று பேச்சு ஒரே திசையில் போய்விடுகிறது. அந்த மங்கலும் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் பழைய லென்ஸோடு சந்தோஷமாக வாழ்வதற்கு ரசனை மட்டும் போதாது. அந்த அளவுகள் எந்த இடத்தில் உறுதியாக நிற்கின்றன, எந்த இடத்தில் நழுவுகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1925-இல் லைப்ஸிக் வசந்தகாலச் சந்தையில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம், ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா என்ற சிறிய கேமராவை உலகுக்குக் காட்டியது. அதில் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930-இல் கழற்றி மாட்டும் லென்ஸ்கள் வந்தன, ஆனால் ஒவ்வொன்றையும் அதற்குரிய உடலோடு தொழிற்சாலையிலேயே பொருத்திச் சரிசெய்து கொடுத்தார்கள். உங்கள் லென்ஸ் என் கேமராவுக்கு ஆகாது. 1931-இல் அந்தக் கட்டுப்பாடு போனது. லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் இருக்கும் தளம் வரை 28.8 மி.மீ. என்று நிர்ணயித்து, எல்லா உடலையும் அந்த அளவுக்கே செய்தார்கள். அப்படித் தரப்படுத்திய கேமராக்களின் மவுண்டில் ஒரு சின்ன சுழியம் பொறித்திருக்கும். மரையின் விட்டம் 39 மி.மீ., அங்குலத்துக்கு 26 சுற்று. மில்லிமீட்டர் நாட்டில் அங்குலக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டால், லைட்ஸ் அடிப்படையில் மைக்ராஸ்கோப் செய்த கம்பெனி, மைக்ராஸ்கோப் உலகில் அங்குல மரைதான் வழக்கம் என்று காரணம் சொல்வார்கள்.

1932-இல் லைக்கா 2 வந்தபோது ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது. அந்த மரையையும் அந்த இணைப்பையும் பார்த்து உலகமே நகலெடுத்தது. கார்கிவ் நகரில் ஃபெட், மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்கில் ஸோர்கி, ஜப்பானில் கேனான். எல்லாருமே 39 மி.மீ. மரையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று பழைய லென்ஸ் சந்தையில் இத்தனை வகை கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

1954-இல் லைக்கா எம் 3. மரை போய், சட்டென்று திருப்பி மாட்டும் பயனெட் மவுண்ட் வந்தது. புது மவுண்டின் தூரம் 27.8 மி.மீ. பழையதை விடச் சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவு. தற்செயலாக அமைந்ததல்ல அது. கையில் மரை லென்ஸ் வைத்திருந்தவர்களைக் கைவிடக் கூடாது என்று எண்ணி விட்ட இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் வளையத்தை லென்ஸில் திருகினால் அது எம் லென்ஸ் ஆகிவிடும். ஒரு புது கேமராவை வரையும்போதே பழைய வாடிக்கையாளரின் பெட்டியில் இருக்கும் லென்ஸை நினைத்துப் பார்த்த அந்த வடிவமைப்பாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இந்த வளையம் இன்னொரு வேலையும் செய்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, தனியாக ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். 50 மி.மீ. லென்ஸ் எவ்வளவு காட்சியை எடுக்கும், 90 எவ்வளவு எடுக்கும் என்று அந்த ஜன்னலுக்குள் வெள்ளைக் கோட்டுச் சட்டங்கள் தோன்றும். எந்தச் சட்டம் தோன்ற வேண்டும் என்பதை மவுண்டில் இருக்கும் ஒரு பல்லின் நீளம் தீர்மானிக்கிறது. மரை லென்ஸில் அந்தப் பல் கிடையாது, வளையத்தில் இருக்கிறது. அதனால்தான் வளையம் மூன்று வகையாக வரும்: 28-க்கும் 90-க்கும் ஒன்று, 35-க்கும் 135-க்கும் ஒன்று, 50-க்கும் 75-க்கும் ஒன்று. லென்ஸுக்கு ஒரு வளையம் என்று வாங்கி, திருகி, அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான வளையத்தில் தடிமன் துளி பிசகினாலும் ஃபோகஸ் பிசகும்.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் உடலுக்குள், லென்ஸ் உட்காரும் வாயின் மேல்பக்கம் ஒரு சின்ன உருளை தெரியும். லென்ஸின் பின்புறத்தில் ஒரு பித்தளை விளிம்பு. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது விளிம்பு முன்னும் பின்னும் நகர்ந்து உருளையைத் தள்ளும். உருளை ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் ஃபைண்டருக்குள் இருக்கும் இரண்டாவது உருவத்தை நகர்த்தும். இரண்டு உருவமும் ஒன்று சேர்ந்தால் ஃபோகஸ் விழுந்தது என்று அர்த்தம். கவனியுங்கள்: ஃபோகஸ் உண்மையிலேயே விழுந்ததா என்று கேமராவுக்குத் தெரியாது. லென்ஸ் சொல்வதை அது நம்புகிறது. லென்ஸின் நகர்வும் விளிம்பின் நகர்வும் ஒரே கணக்கில் இருந்தால்தான் அந்த நம்பிக்கை பலிக்கும்.

லைக்கா உலகில் "50 மி.மீ." என்பதன் உண்மையான அளவு 51.6 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் முழுவதும் அந்த எண்ணை வைத்தே கட்டப்பட்டது. அதைப் பின்பற்றிய கேனான் லென்ஸை மாட்டினால் பிரச்சினை இல்லை. சோவியத் ஜூபிடர் லென்ஸ்களில்தான் சிக்கல், அவற்றின் வம்சமே வேறு.

அந்த வம்சக் கதை சுவாரசியமானது. ஸைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்டெலே என்ற இளைஞர் வடிவமைத்த சோனார் லென்ஸ், 1932-இல் வந்த கான்டாக்ஸ் கேமராவுக்காகச் செய்யப்பட்டது. எஃப் 1.5 திறப்பு, அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத வெளிச்சம். போர் முடிந்ததும் கான்டாக்ஸ் செய்த இயந்திரங்களும் வரைபடங்களும் இழப்பீடாக சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. கான்டாக்ஸ் அங்கே கீவ் கேமரா ஆயிற்று. சோனார், ஜூபிடர் ஆயிற்று. எஃப் 1.5 சோனார்தான் ஜூபிடர் 3, எஃப் 2 சோனார்தான் ஜூபிடர் 8. ஸோர்கிக்காக அதே கண்ணாடிகளை லைக்கா மரைக்குள் வைத்தும் விற்றார்கள். கண்ணாடியின் உண்மையான குவியத்தூரம் சோனார் கணக்குப்படி ஏறத்தாழ 52.4 மி.மீ. உடல் 51.6 என்று நினைக்கிறது, லென்ஸ் 52.4 என்கிறது. ஒரே சட்டைக்கு இரண்டு தையல்காரர்கள் இரண்டு டேப்பில் அளவெடுத்த கதை.

0.8 மி.மீ. வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவர் மேல் ஃபோகஸ் வைக்க, 51.6 மி.மீ. லென்ஸ் முடிவிலி நிலையிலிருந்து சுமார் 2.81 மி.மீ. முன்னால் வர வேண்டும். 52.4 மி.மீ. லென்ஸ் 2.90 வர வேண்டும். விடுபடுவது 0.09 மி.மீ. எஃப் 1.5 திறப்பில், ஃபிலிம் காலத்துத் தாராளமான அளவுகோல்படி பார்த்தாலும் பின்பக்கம் பொறுத்துக்கொள்ளும் பிழை சுமார் 0.045 மி.மீ.தான். அதைப் போல இரண்டு மடங்கு தாண்டியாயிற்று. முகத்தளவில் இது ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுப் பக்கமாக நழுவிவிடும். 60 மெகாபிக்சல் சென்சாரில் இது பளிச்சென்று தெரியும்.

இதனால் ஜூபிடர் 3 மோசமான லென்ஸ் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். அந்தத் தீர்ப்பு அநியாயம் என்பேன். சரிசெய்த ஜூபிடர் 3-இல் எடுத்த ஒரு முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கண்ணாடித் தொகுதிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் ஷிம் என்கிற மெல்லிய உலோக வளையம் இருக்கிறது. அதன் தடிமனை மாற்றினால் ஃபோகஸ் நகரும். இரண்டு அளவும் வேறு என்பதால் கிட்டத்திலும் தொலைவிலும் ஒரே சமயத்தில் முழுக்கச் சரியாகாது. ஆகவே, முழுத் திறப்பில் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை சரியாக இருக்கும்படி ஷிம் வைக்கச் சொல்வேன். தொலைவில் இருக்கும் கோபுரத்தை எடுக்கும்போது எப்படியும் எஃப் 5.6, எஃப் 8 என்று மூடித்தானே எடுப்போம்? அங்கே மிச்சமுள்ள பிழை மறைந்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. செய்தித்தாள் ஒன்றை மேசை மேல் விரித்து, கேமராவை முக்காலியில் வைத்து, சாய்வான கோணத்தில், முழுத் திறப்பில், நடுவில் ஒரு தலைப்பின் மேல் ஃபோகஸ் வைத்து எடுங்கள். எந்த வரி கூர்மையாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள். லைவ் வியூ உள்ள உடல் என்றால் இன்னும் சுலபம். 2012-இல் அறிவித்த லைக்கா எம் டைப் 240 தொடங்கி அந்த வசதி இருக்கிறது. ஃபைண்டரில் ஒன்று சேர்த்துவிட்டு, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் லென்ஸ் சொல்வது மெய்யா என்று உடனே தெரிந்துவிடும். புது உடலால் பழைய லென்ஸுக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை என்று நான் இதைத்தான் சொல்வேன். மெகாபிக்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சோனார் வகை லென்ஸில் இன்னொரு குணமும் உண்டு. முழுத் திறப்பில் வைத்த ஃபோகஸ், எஃப் 2.8 வரை மூடும்போது மெல்லப் பின்னால் நகரும். கண்ணாடியின் விளிம்பு வழியாக வரும் ஒளியும் நடு வழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் சேராததால் வருவது இது. முழுத் திறப்பில் எடுத்த முகத்தின் தோலுக்குக் கிடைக்கும் மென்மையும் அதே காரணத்தால் வருவதுதான். ஒன்றை ஒழித்தால் மற்றதும் போய்விடும். ஸைஸ் இந்த நூற்றாண்டில் எம் மவுண்டுக்குச் செய்த 50 மி.மீ. எஃப் 1.5 சி சோனாரில் கூட, தெரிந்தே இந்தக் குணத்தை வைத்திருக்கிறார்கள். எஃப் 2.8-லும் எஃப் 4-லும் கிட்டத்தில் எடுப்பதானால் மட்டும் உடம்பை ஓரிரு சென்டிமீட்டர் பின்னால் சாய்த்துக்கொள்வேன். பழகப் பழகக் கை தானாகச் செய்யும்.

ஒரு கம்பெனி உடலில் இன்னொரு கம்பெனி லென்ஸை மாட்டுவது ஏதோ இந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் பேசுகிறார்கள். 1950-இல் டோக்கியோவில் நடந்ததைச் சொல்கிறேன். லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் அங்கே இருந்தார். ஜுன் மிக்கி என்ற இளம் ஜப்பானியப் படக்காரர், நிக்கோர் 85 மி.மீ. எஃப் 2 லென்ஸில் அவரைப் படம் பிடித்துக் காட்டினார். ஜப்பானிய லென்ஸை டங்கன் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிண்டைப் பார்த்ததும் நிக்கோர் செய்யும் நிப்பான் கோகாகு தொழிற்சாலைக்கே போய்ச் சோதித்து, வாங்கிக்கொண்டார். சில நாளில் கொரியப் போர் வெடித்தது. போர்முனைக்கு அவர் கொண்டுபோனது லைக்கா உடலும் நிக்கோர் லென்ஸும். நியூயார்க்கில் படங்களைப் பார்த்தவர்கள் கூர்மையைக் கண்டு அசந்துபோனார்கள், அந்த வருட டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அந்த லென்ஸைப் பற்றியே எழுதியது. உலகம் ஜப்பானியக் கண்ணாடியை மதிக்கத் தொடங்கியது, ஜெர்மன் உடலில் ஜப்பான் லென்ஸைத் திருகிய ஒருவரால். பொது மரை இல்லையென்றால் அது நடந்திருக்காது. அந்த 85 மி.மீ. நிக்கோரும் சோனார் வழிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து 50 மி.மீ. நிக்கோர்களில் இன்னொரு அழகு. மற்ற மரை லென்ஸ்கள் ஒரு மீட்டரோடு நின்றுவிடும். நிக்கோர் ஒன்றரை அடி வரைக்கும் கிட்டப் போகும். சுமார் மூன்றரை அடிக்குக் கீழே ரேஞ்ச்ஃபைண்டர் தொடர்பு அறுந்துவிடும், அங்கிருந்து அளவு நாடா வைத்துத்தான் அன்று எடுத்தார்கள். இன்று லைவ் வியூ இருக்கிறது. செய்த காலத்தில் அரை மனதாகப் பயன்பட்ட ஒரு வசதி, எழுபது வருடம் கழித்து முழுப் பயனுக்கு வந்திருக்கிறது.

அடுத்தது கண்ணாடி. கோட்டிங் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிப் போகும். 1933-இல் வந்த சும்மார் 50 மி.மீ. எஃப் 2-இல் காற்றைத் தொடும் பரப்பு எட்டு. பெருக்கிப் பார்த்தால் நூறில் சுமார் 72 பங்குதான் மறுபக்கம் சேரும். தொலைந்த ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே எதிரொளித்துப் படத்தின் மேல் மெல்லிய வெண்திரையாகப் படியும். சோனாரில் ஏழு கண்ணாடி இருந்தாலும் ஒட்டிவைத்த தொகுதி மூன்றுதான், பரப்பு ஆறு. போருக்கு முன்னால் சோனார் ஜெயித்ததற்கு இந்த ஆறு ஒரு பெரிய காரணம். 1935-இல் ஸைஸில் அலெக்ஸாந்தர் ஸ்மாகுலா கோட்டிங் முறையைக் கண்டுபிடித்தார், போருக்குப் பிறகு அது எல்லா லென்ஸுக்கும் பொதுவாயிற்று.

அந்த வெண்திரையைக் குறை என்று மட்டும் பார்ப்பவர்கள் நம் ஊர் உச்சி வெயிலில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கோயில் பிராகாரம். வெயில் விழும் கல் வெள்ளையாக எரிகிறது, தூண் நிழல் கரிக்கட்டை. நவீன லென்ஸ் அந்த முரணை அப்படியே, கத்தி மாதிரி, கொண்டுவந்து கொடுக்கும். கோட்டிங் இல்லாத சும்மாரோ எல்மாரோ நிழலுக்குள் கொஞ்சம் ஒளியைக் கசியவிடும். கருப்பு வெள்ளையாக மாற்றும்போது நிழலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவின் முகத்தில் வேலை செய்ய இடம் கிடைக்கும். இல்லாத விவரத்தை லென்ஸ் உண்டாக்குவதில்லை. மொத்த முரணைச் சுருக்கி, சென்சாரின் எல்லைக்குள் அடக்கித் தருகிறது. சூரியன் மட்டும் லென்ஸுக்கு நேராக வரக் கூடாது, வந்தால் படம் முழுக்கப் பால் கொட்டிவிடும். ஒரு ஹூட் கட்டாயம். எல்மாரில் அபெர்ச்சரை மாற்றும் சின்ன நெம்பு முகப்புக்கு உள்ளே இருக்கிறது. ஹூட் போட்டால் விரல் எட்டாது. எஃப் 6.3-இல் வைத்துவிட்டு ஹூட்டை மாட்டி, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு நாள் முழுக்க நடப்பேன்.

ஃபிலிமுக்கும் சென்சாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஃபிலிம் எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் வாங்கிக்கொள்ளும். சென்சாரின் மேல் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது, அதன் கீழே நுண்ணிய லென்ஸ்கள், அதன் கீழேதான் பிக்சல் கிணறுகள். சாய்வாக வரும் ஒளி தகட்டுக்குள் வளைந்து, பக்கத்துக் கிணற்றில் விழும். 50 மி.மீ.யில் இது ஒரு பொருட்டே இல்லை. பழைய அகலக்கோண லென்ஸ்களில் பின்பக்கக் கண்ணாடி ஃபிலிமைத் தொடுவது போல நெருங்கி நிற்பதால், மூலைகளுக்கு ஒளி மிகச் சாய்வாகப் போகும். மூலை கலங்கும், ஓரத்தில் ஊதாச் சிவப்பு ஏறும். 1963-இல் வந்த 21 மி.மீ. எஃப் 3.4 சூப்பர் ஆங்குலான் ஃபிலிமில் அற்புதம், டிஜிட்டல் எம் 9-இல் ஓரமெல்லாம் சாயம்.

லைக்கா தன் சென்சார் தகட்டை மிக மெல்லியதாக வைத்திருப்பது இதற்காகத்தான். மற்ற மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்களில் அந்தத் தகடு பெரும்பாலும் இன்னும் தடிமன். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை அவற்றில் மாட்டி மூலை கலங்குகிறது என்று லென்ஸைத் திட்டுபவர்கள் அந்தத் தகட்டைத்தான் கேட்க வேண்டும். மெல்லிய தகட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. 2006-இல் வந்த எம் 8-இல் அகச்சிவப்பு ஒளி போதுமான அளவு தடுக்கப்படாமல், கருப்புத் துணி ஊதாவாக விழுந்தது. லென்ஸின் முன்னால் தனி ஃபில்டர் போட வேண்டியிருந்தது. எம் 11-இன் பின்னொளி சென்சார் சாய்ந்த ஒளியை நன்றாகவே சமாளிக்கிறது. இருந்தாலும் பழைய 21-ஐயும் 28-ஐயும் நான் ஃபிலிம் உடலுக்கே சிபாரிசு செய்வேன். ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் உடல் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது, லைக்கா 2022-இல் எம் 6-ஐ மறுபடி வெளியிட்டதே.

ஜூபிடர் 12 பற்றி ஒரு எச்சரிக்கை. 35 மி.மீ. எஃப் 2.8, ஸைஸ் பயோகான் வழி. பின்பக்கக் கண்ணாடி குண்டாக, காப்பு எதுவும் இல்லாமல் உடலுக்குள் ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும். சில உடல்களில் மாட்டவே முடியாது, உள்ளே இடிக்கும். எம் 6 மாதிரி ஷட்டர் திரையின் வெள்ளைப் புள்ளியைப் பார்த்து ஒளி அளக்கும் கேமராவில் மீட்டரையும் மறைத்துக் குழப்பிவிடும். உங்கள் உடலில் பொருந்துகிறது என்று உறுதியாகத் தெரியாமல் திருகாதீர்கள். அதே போல எல்மார், பழைய சும்மிக்ரான் போன்ற உள்ளே மடங்கும் குழல் லென்ஸ்களை டிஜிட்டல் உடலில் மடக்கக் கூடாது. நீட்டி, பூட்டி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

லைக்கா வாங்கினால்தான் இந்தச் சுகம் என்று இல்லை. ஜப்பானின் கோசினா நிறுவனம் 1999-இல் ஃபோக்ட்லேண்டர் பெயரில் பெஸ்ஸா எல் கேமராவை அதே 39 மி.மீ. மரையோடு கொண்டுவந்து, செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த மவுண்டுக்கு உயிர் கொடுத்தது. 2000-இல் ரேஞ்ச்ஃபைண்டரோடு பெஸ்ஸா ஆர். அந்தப் பரம்பரையில்தான் எப்சன் 2004-இல் ஆர்-டி 1 செய்தது. உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். 6 மெகாபிக்சல்தான், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் சுற்றுவது போல நெம்பை இழுத்து ஷட்டரைத் தயார் செய்ய வேண்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எல்லா ரேஞ்ச்ஃபைண்டரும் ஒரே துல்லியம் உள்ளவை அல்ல. இரண்டு ஜன்னலுக்கு இடையில் உள்ள தூரத்தை ஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் பயனுள்ள அடித்தளம் கிடைக்கும். சாதாரண எம் 6-இல் அது சுமார் 50 மி.மீ., பெஸ்ஸா ஆரில் சுமார் 25. எல்மார் எஃப் 3.5-க்கு இரண்டுமே தாராளம். 85 மி.மீ. எஃப் 2 ஜூபிடர் 9-ஐ முழுத் திறப்பில் வைத்து முகம் எடுக்க பெஸ்ஸா ஆர் போதாது.

சரி, கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று: பூஞ்சை. சென்னையில் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எந்த லென்ஸைக் கொண்டுபோனாலும் முதலில் டார்ச்சைத்தான் எடுப்பார்.

"தம்பி, முன்னாடியிருந்து பாக்காதீங்க. அபெர்ச்சரை முழுசாத் திறந்து வெச்சுட்டு, பின்னாடியிருந்து லைட் அடிங்க. அப்பதான் உள்ளே என்ன இருக்குன்னு தெரியும்."

"புகை மாதிரி இருக்கே, துடைச்சா போயிடுமா பாய்?"

"எண்ணெய் ஆவியா இருந்தாப் போயிடும். கண்ணாடியையே தின்னுடுச்சுன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்ன இரண்டாவது வகைக்குப் பேர் போனவை சில கேனான் மரை லென்ஸ்கள். 50 மி.மீ. எஃப் 1.8, எஃப் 1.2 இரண்டிலும் அபெர்ச்சர் தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் அந்தப் புகை நிரந்தரமாகக் கடித்துவிடும். சும்மாருக்கு வேறு நோய், முன் கண்ணாடி மிக மென்மை. தலைமுறைகள் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து அதன் முகமெல்லாம் மெல்லிய கீறல். டார்ச் அடிக்காமல் எதையும் வாங்காதீர்கள், படத்தில் பார்த்து வாங்குவதானால் டார்ச் அடித்த படம் கேளுங்கள். அபெர்ச்சர் தகட்டில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் பரவாயில்லை. ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தாலும் பரவாயில்லை, பழைய கிரீஸை எடுத்துப் புதிது போட்டால் ஓடும். கண்ணாடிதான் உயிர். வாங்கியதைத் தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், பூஞ்சைக்குப் பிடித்த வீடு அது. டிரை கேபினெட் இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். ஈரப்பதம் 40-லிருந்து 50-க்குள் இருக்கட்டும். ரொம்பவும் காயவைத்தால் மசகு காய்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், அடிக்கடி வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள். வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சை எளிதில் தங்காது.

முதல் லென்ஸ் எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் 50 மி.மீ.தான். அகலக்கோணத்தின் சென்சார் தொல்லை இல்லை, 90-இன் ஃபோகஸ் கண்டிப்பும் இல்லை. இந்தக் குவியத்தூரத்தில் என்ன சாத்தியம் என்று சந்தேகம் இருந்தால் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் என்ற படக்காரரைப் பாருங்கள். அவர் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் 50-லேயே வேலை செய்தவர். 1950 ஏப்ரலில் நம் பக்கமும் வந்தார். திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்கள், அதே மாதம் பாண்டிச்சேரியில் அரவிந்தர். யாரையும் எளிதில் படமெடுக்க விடாத ஆசிரமத்துக்குள் ஒரு சின்ன கேமராவோடு போய் அவர் எடுத்த அந்தப் படங்களில்தான் அரவிந்தரின் முதுமையை உலகம் இன்றும் பார்க்கிறது.

குறைந்த செலவில் தொடங்க, ஜூபிடர் 8. எஃப் 2 என்பதால் ஜூபிடர் 3 அளவுக்கு ஃபோகஸ் கண்டிப்பு இல்லை, சோனாரின் குணம் முழுதாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், 1950களின் இறுதியில் வந்த கேனான் 50 மி.மீ. எஃப் 1.4. லைக்கா அளவுக்கே செய்தது, ஷிம் வேலை தேவைப்படாது, எஃப் 1.8-ஐ வாட்டும் புகையும் இதில் குறைவு. வெயிலில் கருப்பு வெள்ளை எடுக்க ஆசை என்றால் எல்மார், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மூன்றுக்கும் 50–75 என்று பொறித்த வளையம்தான் வேண்டும். 90-க்கு உரியதைத் தெரியாமல் வாங்கி மாட்டினால் ஃபைண்டரில் தவறான சட்டம் வந்து நிற்கும்.